இருளுக்கு இட்ட மதிப்பெண்ணைத் திருத்தியவருக்கு

ஆக்லாந்து, மவுண்ட் ஆல்பர்ட் பைந்தமிழ் வார இறுதிப் பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி விடைபெறும் மேல்வகுப்பு இலக்கிய ஆசிரியர், திருமதி தமயந்தி குலசிங்கம் அவர்களுக்கு, உடன் பணியாற்றிய ஆசிரியர்கள் அன்போடு படித்தளிக்கும் பாராட்டு மடல்.

கன்னித் தமிழைக் கடல் கடந்த மண்ணிலும் கண்ணெனக் காத்த காவலரே! சனிக்கிழமை என்றால் சாய்வு நாற்காலி என்றிருந்த ஊரில், சாரல் அடித்தாலும் சளி பிடித்தாலும் எட்டரை மணிக்குச் சாவியோடு வாசலில் நின்ற சலியாத உழைப்பே! யாழ்ப்பாணத்தாரும் தமிழ்நாட்டாரும் மலேசியத்தாரும் ஒரே மேசையில் அமர்ந்து தேநீர் குடிக்கவும், குடித்துக்கொண்டே சண்டை பிடிக்கவும் இடம் தந்த பெருமனமே! உங்களை வணங்குகிறோம்.

இப்படியே இரண்டு பக்கம் எழுத எங்களுக்குத் தெரியும். எழுதியும் வைத்திருந்தோம். மடல் தயாராகிறது என்று காதில் விழுந்ததும் நீங்கள் அலுவலக அறைக்கு வந்து சொன்னீர்கள்: "மடல் எண்டால் பொய் கூடத்தான் இருக்கும், பரவாயில்லை. ஆனா அந்த விடைத்தாள் கதையையும் எழுதுங்கோ. சுவரிலை மாட்டப்போறது. நான் ஒவ்வொரு நாளும் பார்க்க வேணும்." நீங்கள் சொல்லி நாங்கள் மறுத்தது எப்போது? ஆகவே எழுதுகிறோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஜூலை மாதம் அது. எங்கள் பள்ளியில் மேல்வகுப்பு விடைத்தாள் ஒவ்வொன்றையும் இருவர் திருத்துவது வழக்கம். ஒருவர் இலங்கைத் தமிழர், மற்றவர் இந்தியத் தமிழர். பாரபட்சம் என்று யாரும் வாய் திறக்கக் கூடாது என்பதற்காக நீங்களே கொண்டுவந்த ஏற்பாடு. இருவர் இட்ட மதிப்பெண்ணுக்கும் இடையில் ஐந்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசி, ஒருவர் தம் எண்ணை அடித்துக் கையெழுத்திட வேண்டும். இருபத்துமூன்று ஆண்டுகளில் நீங்கள் அடித்ததே இல்லை. அடிக்க வேண்டியவர்கள் எப்போதும் நாங்கள்தான்.

அந்த ஆண்டு உங்களுக்கு எதிரே உட்கார்ந்தவர் ஸ்ருதி. வாரநாளில் ஆல்பனியில் கணினி வேலை, சனிக்கிழமை இங்கே வகுப்பு. சேர்ந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. நீங்கள் முதன்முதலில் யாழ்ப்பாண வழக்கப்படி அன்பாக "நீர்" என்று அழைத்தபோது கோபமாக இருக்கிறீர்கள் என்று நினைத்து வீட்டுக்குப் போய் அழுதவர். அவர் கையில் மேல்வகுப்பு மாணவி லோஜனாவின் விடைத்தாள் இருந்தது. உங்கள் சிவப்பு மையில் நான்கு, அவருடைய பச்சை மையில் பதினாறு.

கேள்வி இதுதான்: பாடத்திலுள்ள நகரக் கவிதையில் வன்முறையையும் இருளையும் காட்டும் படிமங்களை ஆராய்க. இருபது மதிப்பெண். இந்த ஊரில் இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்த ஒருவர் எங்கள் ஆண்டு மலருக்கு எழுதித் தந்த கவிதை. பெயர் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

அந்தி சாய்ந்ததும் விளக்குகள் வரிசையாக இறங்கித்
தெருவைத் தோலுரிக்கத் தொடங்கும்.
கோபுரக் கண்ணாடிகள் கத்தி தீட்டும்.
இரு கட்டடங்களின் இடுக்கில்
முழங்காலைக் கட்டிக்கொண்டு இருள் உட்கார்ந்திருக்கும்.
இந்த நகரத்தில் என்னைப் பார்த்து
யார் நீ என்று கேட்காதது அது ஒன்றுதான்.

பதினொரு ஆண்டுகளாக இந்தக் கவிதைக்கு திருத்துவோருக்காக நீங்கள் எழுதிவைத்த விடைக்கோவையில் இருந்த குறிப்பு எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். இருள் அச்சம், வறுமை, கொடுமை ஆகியவற்றின் குறியீடு. விளக்கு நம்பிக்கையின் குறியீடு. தோலுரிப்பதும் கத்தி தீட்டுவதும் நகர இருளின் வன்முறையைச் சொல்கின்றன. பிள்ளைகள் அதை அப்படியே எழுதினார்கள். நாங்கள் அப்படியே திருத்தினோம். குற்றம் உங்களுடையது மட்டுமல்ல, ரீச்சர். எங்களில் ஒருவரும் கவிதையைத் திரும்பப் படிக்கவில்லை, கோவையைத்தான் படித்தோம்.

லோஜனா எழுதியிருந்தது வேறு. 'இதில் இருட்டு கெட்ட ஆள் இல்லை. லைட்தான் அடிக்கிறது. கத்தி வைத்திருப்பதும் லைட்தான். இருட்டு பயந்துபோய் மூலையில் இருக்கிறது. ஆனாலும் கவிதையில் வருகிற ஆளுக்குப் பக்கத்தில் இடம் கொடுக்கிறது.' கொச்சையும் பிழையும் மலிந்த ஒன்றேகால் பக்கம். நான்கு மதிப்பெண் என்றால் அவளுக்குச் சான்றிதழ் இல்லை. தவறினால் இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று அவள் தாயாரிடம் சொல்லிவிட்டதும் எங்களுக்குத் தெரியும்.

சான்ட்ரிங்ஹாம் கடையிலிருந்து வந்த வடை ஆறிக்கொண்டிருந்தது, யாரும் தொடவில்லை. நீங்கள் கோவையைத் திறந்து அவர் பக்கம் தள்ளினீர்கள்.

"இதிலை என்ன இருக்கு எண்டு பாரும்."

"பாத்துட்டேன் டீச்சர்."

"பிறகென்ன? பச்சையை அடியும்."

பெரியவர்கள் சொன்னால் சரி என்று வளர்ந்தவர் ஸ்ருதி. பேனாவைத் திறந்தும் விட்டார். பச்சைப் பதினாறின் மேல் கோடு விழுந்தால் ஒரு பெண் தமிழை விட்டுப் போய்விடுவாள் என்பது மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பேனாவை மூடினார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. ஃபைலை மூடி வச்சுட்டு, கவிதைய மட்டும் ஒரு தடவை வாய்விட்டுப் படிங்க. அப்புறமும் நாலுதான்னு சொன்னீங்கன்னா நான் அடிச்சுடறேன்."

அறையில் இருந்த நாங்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம். உங்களிடம் அப்படிப் பேசியவர்கள் இல்லை. நீங்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இவளுக்கு ஒரு பாடம் கற்பிக்கிறேன் பார் என்ற குரலில்தான் தொடங்கினீர்கள். முதல் வரி முடிந்தது. தோலுரிக்கும் வரியில் குரல் மெலிந்தது. இருள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வரியில் நின்றுபோனீர்கள். மிச்சத்தை மனசுக்குள் படித்தீர்கள். ஸ்ருதிக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டோம் என்று பயந்து உங்களுக்குத் தண்ணீர் ஊற்றித் தந்தார்.

தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் சொன்னவை இவை. ஒரு சொல்லையும் நாங்கள் மாற்றவில்லை.

"நாங்கள் சண்டை நேரம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்குக் களப்புக் கடலைப் படகிலைதான் கடந்தனாங்கள். தூரத்திலை ஒரு வெளிச்சம் தடவித் தடவி வந்தது. அது ஆரிலை படுதோ, அவையளுக்கு வெடி. படகிலை இருந்த எல்லாரும் இருட்டு கலையக் கூடாது எண்டுதான் கும்பிட்டம். என்னைக் காப்பாத்தினது இருட்டு, ஸ்ருதி. அதை நான் பதினொரு வருசமாப் பிள்ளையளுக்குக் கெட்டது எண்டு சொல்லிக் குடுத்திருக்கிறன்."

ஏன் டீச்சர் என்று ஸ்ருதி கேட்டார். அந்தக் கதை இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டாம், அவர்களுக்கு வெளிச்சம் நல்லதாகவே இருக்கட்டும் என்று நினைத்ததாகச் சொன்னீர்கள். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து நான்கை அடித்தீர்கள். பக்கத்தில் பதினெட்டு என்று எழுதிக் கையெழுத்திட்டீர்கள். ஸ்ருதியைவிட இரண்டு கூட! விட்டுக்கொடுப்பதிலும் ஒருபடி மேலே நின்றால்தான் உங்களுக்குத் தூக்கம் வரும் என்பதை அன்று அறிந்தோம்.

லோஜனா சான்றிதழ் பெற்றாள். அத்தோடு முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். மறுவாரம் பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் எழுந்து, "நான் பிழையாப் படிப்பிச்சிட்டன்" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னீர்கள். அடுத்த ஞாயிறு காலை ஸ்ருதியை அழைத்துக்கொண்டு பொருளறைக்குள் போய், பதினொரு ஆண்டு விடைத்தாள் கட்டுகளையும் பிரித்தீர்கள். இருளைக் கெட்டதென்று எழுத மறுத்த பழைய தாள்கள் இரண்டு அகப்பட்டன. ஒன்று பிருந்தனுடையது. தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

மற்றது அஸ்வினியுடையது. இரண்டு மதிப்பெண். கீழே சிவப்பு மையில், உங்கள் அழகான கையெழுத்தில், 'உமக்குக் கவிதை விளங்கவில்லை' என்று இருந்தது. அஸ்வினி இப்போது வெலிங்டனில் ஒரு மருத்துவமனையில் தாதியாக இருக்கிறார். நீங்கள் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டபோது ஸ்ருதி பக்கத்தில் நின்றார். மறுமுனையில் அஸ்வினி சொன்னார்:

"பரவால்ல டீச்சர். ஆனா அதுக்கப்புறம் நான் தமிழ்ல எதுவுமே எழுதினதில்ல."

உங்கள் கண் கலங்கி ஸ்ருதி அன்றுதான் பார்த்தார்.

"எனக்கு ஒரு கடிதம் எழுதும் பிள்ளை. பள்ளிக்கூட விலாசத்துக்குப் போடும். நான் திருத்தமாட்டன். வாசிக்கிறன்."

பார்க்கிறேன் என்றார் அஸ்வினி. அன்று முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் கதவைத் திறந்ததும் நீங்கள் கேட்பது, "தபால் ஏதும் வந்ததோ?" என்பதுதான். மின்சாரக் கட்டணமும் விளம்பரத் தாள்களும் வந்திருக்கின்றன. அந்தக் கடிதம் வரவில்லை.

எங்கள் பெருமைக்குரிய ஆசிரியரே! உங்களிடம் நாங்கள் கற்றவை பல. ஒரு கவிதையின் முன் எல்லாரும் மாணவர்தான் என்பதை மட்டும் நீங்கள் சொல்லித் தராமல், எங்கள் கண்முன் செய்து காட்டினீர்கள். அந்தச் சிவப்புக் கோட்டுக்கு முன்னால் நாங்கள் அடுக்கிய அடைமொழிகள் எல்லாம் வெளிறித்தான் போகின்றன.

வரும் சனிக்கிழமையிலிருந்து தபாற்பெட்டியை நாங்கள் பார்ப்போம். கடிதம் வந்தால் பிரிக்காமல் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவோம். அது வரும்போது வாசிக்க நல்ல கண்ணும், பதில் எழுத நடுங்காத கையும், அவசரமில்லாமல் காத்திருக்க நெடிய ஆயுளும் உங்களுக்கு வாய்க்கட்டும். எத்தனை ஆண்டு ஆனாலும் நீங்கள் இருக்க வேண்டும், ரீச்சர்.

இங்ஙனம்,
என்றும் உங்கள் அன்புக்குரிய ஆசிரியர்கள்,
பைந்தமிழ் வார இறுதிப் பள்ளி, மவுண்ட் ஆல்பர்ட், ஆக்லாந்து.