ஐந்தாவது சொல்

எனக்கு ஞாபகசக்தி அதிகம். கடைக்குப் போனால் சீட்டு எழுதிக்கொள்வதில்லை. அதனால்தான் கல்லூரி அணியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஐந்து சொற்களைச் சொல்லிக்கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது.

ஒஹாயோவில் நாங்கள் ஆடும் ஃபுட்பாலில் பந்து காலில் படுவது அபூர்வம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் ஓடுவான். அவனுக்கு முன்னால் போய், குறுக்கே வருகிறவனை இடித்துத் தள்ளுவது என் வேலை. வெஸ்லி ஹப்பர்டுக்கும் அதே வேலை. இடம் ஒன்றுதான். அவன் இரண்டாம் ஆண்டு, என்னைவிட வேகம். எனக்குக் கடைசி ஆண்டு. பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

தலையில் அடிபட்டவனை மைதானத்து ஓரத்தில் உள்ள கூடாரத்தில் வைத்து, அணியின் சிகிச்சையாளர் கார்லா ஐந்து சொற்கள் சொல்வார். சற்றுப் பொறுத்துத் திருப்பிக் கேட்பார். மெழுகு, குதிரை, மணல், ஜன்னல், ஏணி. பட்டியலை அவர் மாற்றியதே இல்லை. நாங்கள் அதைப் பாட்டாகவே பழக்கிவிடுவோம்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, எதிரணிக்காரனின் தலைக்கவசம் வெஸ்லியின் காதோரம் மோதியது. எழுந்தவன் எதிரணிப் பெஞ்சை நோக்கி நடந்தான்.

"டேய் மாப்ளே, அந்தப் பக்கம் பொண்ணு பாக்கப் போறியா?" என்று எங்கள் ஆட்கள் சிரித்தார்கள்.

கூடாரத்தில் தேறிவிட்டான். கடைசிவரை ஆடினான். ஞாயிற்றுக்கிழமை விடுதி அறையில் இரண்டு முறை வாந்தி எடுத்தான். நான்தான் வாளி பிடித்தேன்.

"டோர்சி அண்ணே, கோச்கிட்ட சொல்லிடாதீங்க. என் இடம் போயிடும்."

"நான் எதுக்குடா சொல்லப்போறேன்? படு."

சொல்லவில்லை. நான் வாக்குத் தவறுகிறவன் இல்லை.

முதல் அடி ஆறுவதற்குள் இன்னொன்று பட்டால் மூளை வீங்கிவிடும் என்று ஒவ்வோர் ஆகஸ்டும் கார்லா படம் போட்டுக் காட்டுவார். மற்றவர்கள் தூங்குவார்கள். எனக்கு ஞாபகசக்தி அதிகம்.

செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் கோச் எங்களை எதிரெதிரே நிறுத்தினார். "என்னங்கடா, ஃபோட்டோவுக்கா நிக்கிறீங்க? மோதுங்க!"

பார்க்காதவனை இடிக்கக் கூடாது என்பது விதி. நான் அதை மீறவில்லை. அவன் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில்தான் ஆள் இல்லை. தலையையும் நான் தொடவில்லை. நெஞ்சில் தோளை இறக்கினேன். தலை தானாகப் பின்னால் போய்த் தரையில் மோதியது. அப்படித்தான் போகும்.

எல்லோரும் கைதட்டினார்கள். அவன் எழவில்லை என்று தெரிய நேரமாயிற்று.

நவம்பரில் கடைசி ஆண்டுக்காரர்களைப் பெற்றோரோடு மைதானத்தில் நடத்தி, பெயர் சொல்லி அழைப்பார்கள். அப்பா என் தோளில் கைபோட்டு நடந்தார். அன்று ஆட்டத்தைத் தொடங்கிய பதினொரு பேரில் நானும் ஒருவன்.

வெஸ்லிக்கு இப்போது அவன் அம்மா கரண்டியால் ஊட்டுகிறார். நான் போனால் கட்டிக்கொள்கிறார். "நீ ஒருத்தன்தாம்ப்பா மறக்காம வர்ற." அவன் நான்கு சொற்கள் சொல்வான். பிறகு என் கைகளைப் பார்த்துக் காத்திருப்பான்.

அன்று கூடாரத்திலும் அப்படித்தான் ஜன்னலோடு நின்றுவிட்டான். கார்லாவின் முதுகுக்குப் பின்னால் நான் கைகளை மாற்றி மாற்றி உயர்த்தி, ஏறுவதுபோல் காட்டினேன். விசாரணைக்கு வந்த நீங்கள் அதைத்தான் கேட்கிறீர்கள். உதவிதான் அது. காட்டாமல் இருந்திருந்தால் அவனை இரண்டு வாரம் உட்காரவைத்து, பிறகு ஆடவிட்டிருப்பார்கள்.

அப்பா வருவதற்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.