ஹவுன்ஸ்லோ முகவரி

என் கையெழுத்து அழகானது. தாவரவியல் படித்த காலத்தில் வேரையும் இலையையும் வரைந்து பெயர் குறித்ததில் வந்த பழக்கம். உங்கள் விசாரணைக் கோப்பில் இருக்கும் தமிழ்க் கடிதம் என்னுடையதுதான்.

1988இல் கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சிலின் வீடமைப்புப் பிரிவில் எழுத்தராக இருந்தேன். தம் பாலினத்தவரையே விரும்பியதால் வீட்டில் இருக்க முடியாமற்போன இளையோர் ஆறு பேர் சேர்ந்து வாழ, ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு வீட்டைத் தயார் செய்துகொண்டிருந்தோம். அரசாங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. இப்படியான வாழ்க்கையைக் கவுன்சில்கள் ஊக்குவிக்கக் கூடாது என்று அந்த ஆண்டு சட்டமும் வந்தது. இவர்களுக்கு உண்மையிலேயே போக இடமில்லையா, சான்று எங்கே என்று மேலிடத்திலிருந்து கேட்டார்கள். சான்று சேர்ப்பது என் வேலை.

ஆறு பேரில் ஒருத்தி தமிழ். கிரிஜா. பத்தொன்பது வயது. லண்டனின் தெற்கே சட்டன் என்ற ஊரில் பெற்றோரை விட்டு வந்து, ஹவுன்ஸ்லோவில் ஒரு தோழியின் அறையில் தரையில் படுத்திருந்தாள். வீட்டாருக்கு அறிவிக்க வேண்டாம் என்று படிவத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

“நான் ஆரோ ஒரு பெடியனோட ஓடிட்டன் எண்டு அப்பா நினைக்கிறார். நினைக்கட்டும் அக்கா. பெடியன் எண்டால் கொஞ்ச நாள் அழுதுபோட்டு விட்டிடுவினம்,” என்று சிரித்தாள். பிறகு என் கையைத் தொட்டாள். “எழுதாமல் என்னையே பாத்துக்கொண்டிருக்கிறியள். உங்களுக்கும் ஒரு அறை கேக்கட்டோ?”

பகிடிதான். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

அவளுடைய அப்பா வைத்தியநாதனுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அதனால் தமிழில் எழுதினேன். பிள்ளையைப் பற்றிய எதையும் முதலில் பெற்றோரிடம் சொல்வதுதான் நம்மவர்களிடையே மரியாதை. அவள் யாரை விரும்புகிறாள் என்பதை ஒரே வரியில் சொன்னேன். வீட்டில் ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டேன். ஹவுன்ஸ்லோ முகவரியையும் கொடுத்தேன்.

நான்காம் நாள் அவர் அலுவலகத்துக்கு வந்தார். “வடிவாய் எழுதியிருந்தியள், பிள்ளை. கூட்டிக்கொண்டு வந்திட்டம். இனி அவளுக்கு உங்கட வீடு தேவையில்லை.” அவருடைய வலது கை விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

அவளைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். கலியாணத்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது. மூன்று மாதம் கழித்து அவளுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கும் வந்தது. எப்படிச் செத்தாள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஃபாரஸ்ட் கேட் வீடு திறக்கப்படவேயில்லை. கவுன்சிலின் சட்டத்தரணிகள் பயந்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. நான் எழுதாமல் விட்டிருந்தாலும் அவளுக்கு அந்த அறை கிடைத்திராது. இதைப் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

பெற்றோருக்கு எழுதும்படி எவரும் எனக்கு உத்தரவிடவில்லை. மற்ற ஐவரிடமும் அவர்கள் சொன்னதையே சான்றாகப் பதிந்தேன். கிரிஜாவின் வீட்டுக்கு மட்டும்தான் கடிதம் போனது.

ஏன் என்று கேட்கிறீர்கள். மற்ற ஐந்து வீட்டாருக்கும் தமிழ் தெரியாது.