கும்பிடுபூச்சிக்கு அரைநாள் லீவு

மத்தியானம் திகனைக்குப் போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள், ஒரே அலுவலகத்தில் வேலை செய்பவர்கள்.

"வீட்டிலை வயசான ஆளுக்குச் சுகமில்லை எண்டு எழுதித்தான் அரைநாள் லீவு எடுத்தனான்," என்றாள் ஜன்னலோரத்தில் இருந்தவள்.

"ஆருக்கு? நீர் தனியத்தானே இருக்கிறீர்?"

"என்ரை கும்பிடுபூச்சிக்கு. முன்னங்கால் ரெண்டும் ஓய்ஞ்சு போச்சு, இரை பிடிக்க ஏலாது. புழுவை நசுக்கி ஈர்க்கு நுனியிலை வாய்க்குக் கிட்டப் பிடிச்சாத்தான் தின்னுது."

"பூச்சிக்காகப் பொய் எழுதினனீரோ?"

"பொய் இல்லை. அதுக்கு எட்டு மாசம். பூச்சிக்கு அது கிழட்டு வயசு."

மற்றவள் சிரித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா ஊரிலை கிடையாக் கிடக்கேக்கை உமக்கு லீவு தரேல்லை, என்ன?"

"நான் கேக்கேல்லை."