பெருவிரலில் மை

பெரகலையில் பஸ் ஏறிய இரண்டு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவள் சொன்னாள்:

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்க்கா. அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிச்சிருக்கேன்."

"அதுக்கென்னடி இப்ப?"

"பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன்ல. மயக்கம் தெளிஞ்சு பாத்தா பெருவிரல்ல மை. இனிமே புள்ள பொறக்காம ஆபரேசன் பண்ணியாச்சு, நீதான் கைநாட்டு வச்சேங்கிறாங்க."

"பொறந்த புள்ளையும் மூணு நாள் கூடத் தங்கலையேடி."

"ஆமாக்கா. அவரு இன்னும் அடுத்த புள்ளையப் பத்தியே பேசிக்கிட்டு இருக்காரு. நான் சொல்லல."

"இப்ப எங்க போற?"

"ஆஸ்பத்திரிக்குத்தான். நான் கைநாட்டு வச்சதாச் சொல்ற அந்தக் கடதாசியக் காட்டச் சொல்லப் போறேன்."

"காட்டுவாங்களா?"

"காட்ட மாட்டாங்க. எங்கிட்டத்தான் யாரும் ஒரு வார்த்த கேக்கல. நானாச்சும் கேட்டுட்டு வாரேன்."