மெமரி கார்டுக்குப் பொட்டு வைத்த கதை

என்னைப் பேச அழைத்துவிட்டு இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கும் சங்கத் தலைவர் வைத்திலிங்கம் அவர்களே! பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஜெயங்கொண்டத்திலும் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் ஒளிப்படக் கலைஞர்களே! ஊரார் கல்யாணம் அத்தனைக்கும் போய், ஒரு பந்தியிலாவது நேரத்துக்கு உட்கார முடியாத உழைப்பாளிகளே! முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! கணவர் ஊரையெல்லாம் படம் எடுக்க, தம்மை மட்டும் யாரும் எடுக்காத தாய்மார்களே! சிரிக்கிறீர்கள். அந்த ஓரத்தில் ஓர் அம்மா தலையாட்டுகிறார், பாருங்கள்! உங்கள் எல்லோருக்கும் இந்த உடையார்பாளையத்து ஓய்வுபெற்ற வாத்தியாரின் உளம் கனிந்த வணக்கம்.

பணியில் இருந்த காலமெல்லாம் நான் கேள்வி கேட்டேன், பிள்ளைகள் முழித்தார்கள். ஓய்வுபெற்ற பிறகு ஒரு தாய் என்னைக் கேள்வி கேட்டார், நான் முழித்தேன். அவர் கேட்டது இதுதான்: “சார், எடுத்த போட்டோ இப்ப எங்கங்க இருக்கு?”

சின்னக் கேள்விதானே! எங்கே இருக்கிறது? கேமராவிலா? கம்ப்யூட்டரிலா? கடைக்காரர் மனத்திலா? அந்தக் கேள்வி பிறந்த கதையைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

டிஜிட்டல் கேமரா வாங்கிய புதிதில் நானும் பட்டவன்தான். சிறுவாச்சூர்க் கோயிலுக்குப் போனேன். கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம்! பூசாரி தீபாராதனைத் தட்டைத் தூக்குகிறார், என் கேமராவில் பேட்டரி தீர்ந்துபோகிறது! எடுத்ததையெல்லாம் அங்கேயே நின்று திரும்பத் திரும்பப் பார்த்து ரசித்தேனே, அந்த ரசனை தின்ற பேட்டரி அது. ஆலத்தியூரில் சிமெண்ட் லாரி போகும் சாலையோரத்தில் லென்ஸ் மூடியைத் திறந்தேன். பிறகு எடுத்த படமெல்லாம் மார்கழிப் பனி. சட்டை முனையால் துடைக்கப் போனேன். நல்லவேளை, மனைவி கையைத் தட்டிவிட்டாள். துகளோடு சேர்த்துத் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும், ஊதி விட்டபிறகுதான் துணி படவேண்டும். என்ன தம்பி, பின்னால் சத்தம்? “உங்களுக்குமா சார்?” என்கிறீர்களா? எனக்கும்தான்!

இப்போது ஜெயங்கொண்டத்துக்கு வாருங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவர் நம் தமிழழகன். அதோ, இரண்டாம் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறார். நிமிருங்கள் தமிழழகன்! இந்தக் கதையை மேடையில் சொல்லச் சொன்னவரே நீங்கள்தானே!

சென்ற ஆவணியில் சிந்தாமணி அம்மாவின் மகள் ஜெயசுதாவுக்குக் கல்யாணம். படம் எடுத்தவர் தமிழழகன். எல்லோரும் வந்தார்கள், ஒருவர் மட்டும் வரவில்லை. மணமகளின் அண்ணன் திருமுருகன் ராணுவத்தில் எல்லையில் நிற்கிறார், லீவு கிடைக்கவில்லை. மாப்பிள்ளை பக்கத்தில் மச்சான் நிற்கவேண்டிய இடத்தில் யாரை நிறுத்துவது? அந்தத் தாய் சொன்னார்: “யாரும் நிக்க வேணாம். அது எம்மவன் எடம். அப்படியே வுட்டு எடுங்க தம்பி. அவன் போட்டோவக் குடுக்கிறேன், கம்ப்யூட்டர்ல ஒட்டிக் குடுங்க.” குடும்பமே நெருங்கி நிற்க, நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு வெற்றிடம். வராதவருக்காக இடம் விட்டு எடுத்த படம் உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்!

அந்தப் படம் இருந்த கார்டை என்ன செய்தார் நம் தமிழழகன்? பிலிம் ரோலிலேயே தொழில் பழகியவர். நெகட்டிவை உறையில் போட்டு வைத்தால் பத்தாண்டு கழித்தும் எடுக்கலாமே! கார்டையும் அப்படித்தான் நினைத்தார். கம்ப்யூட்டரிலோ இடமில்லை. கேமராவுக்கு வேறு கார்டு போட்டுக்கொண்டு, கல்யாணக் கார்டைச் சாமி படத்தடியில் பத்திரப்படுத்திவிட்டார்.

ஆயுத பூஜை வந்தது, போனது. மறுநாள் விஜயதசமி. என் படங்களைப் பிரிண்ட் போட நான் அங்கே போனேன். கடையில் எதைப் பார்த்தாலும் சந்தனம் குங்குமம்! ஸ்டாண்டுக்குப் பொட்டு, ஃபிளாஷுக்குப் பொட்டு, கம்ப்யூட்டருக்குப் பொட்டு, மவுசுக்கு மூன்று பட்டை!

அப்போது மூச்சு வாங்க வந்தார் சிந்தாமணி அம்மா. “தம்பி, எம்மவன்கூட வேல பாக்கிற பையன் லீவு முடிஞ்சி இன்னிக்குச் சாயங்கால பஸ்ஸுல கெளம்புறான். போட்டோவக் கையோட குடுத்தனுப்பணும். ஒட்டிட்டீங்களா?”

“இந்தா, இப்பவே ஒட்டிடுறேங்க்கா. ஒக்காருங்க.”

கார்டைச் செருகினார். திரையில் என்ன வந்தது? மணமகள் வந்தாளா? மாப்பிள்ளை வந்தாரா? வந்தது ஓர் எச்சரிக்கை! கார்டு ஃபார்மேட் செய்யப்படவில்லை, இப்போது செய்யட்டுமா என்று கேட்கிறது கம்ப்யூட்டர். உருவிக் கேமராவில் போட்டார், அதிலும் கோளாறு என்றே காட்டியது. மறுபடி கம்ப்யூட்டரில் செருகினார். மறுபடி அதே கேள்வி.

பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் சின்னதுரை எட்டிப் பார்த்தார். “ஆமான்னு ஒரு தட்டுத் தட்டுங்கண்ணே! எங்கார்டுல பாட்டு நின்னு போனப்ப நான் அப்படித்தான் தட்டுனேன். புதுசாட்டம் ஆயிடுச்சி.”

“பாட்டெல்லாம் வந்துச்சா?”

“பாட்டு எங்கண்ணே வரும்? கார்டு புதுசாட்டம் ஆயிடுச்சின்னேன்!”

பதற்றத்தில் இருப்பவர் காதில் பாதிதானே விழும்! தமிழழகன் விரல் மவுசுக்குப் போய்விட்டது. அந்த நொடியில்தான் அந்தத் தாய் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார்: “சார், எடுத்த போட்டோ இப்ப எங்கங்க இருக்கு?”

“அந்தக் கார்டுலம்மா.”

“வேற எங்க இருக்கு?”

நான் முழித்தேன். தமிழழகனும் முழித்தார். வேறு எங்கும் இல்லை! விரல் நெருப்பைத் தொட்டதுபோல் விலகியது. ஃபார்மேட் என்றால் கரும்பலகையைத் துடைப்பது. பாடத்தை எழுதிக்கொள்ளாமல் பலகையைத் துடைத்துவிட்டு, பாடம் எங்கே பாடம் எங்கே என்று தேடலாமா?

கார்டை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்தார். சிந்தாமணி அம்மா குனிந்து பார்த்தார். “ஏந்தம்பி, இத்துனூண்டுக்குமா பொட்டு வச்சீங்க?”

திருப்பினோம். சந்தனம் பின்பக்கம் வழிந்து, கம்ப்யூட்டரைத் தொட்டுப் பேசுகிற தங்கநிறப் பட்டைகளின் மேல் காய்ந்து கிடந்தது!

“எல்லாத்துக்கும் வச்சேங்க்கா. சோறு போடுறது இதுதானேன்னு வச்சேன்.”

அந்தப் பக்தியை நான் பழிக்க மாட்டேன். தொழிலைத் தொழுகிற மண் இது. பொட்டு வையுங்கள், பைக்கு வையுங்கள், பெட்டிக்கு வையுங்கள். மின்சாரம் பேசுகிற வாயில் மட்டும் சந்தனத்தை அப்பாதீர்கள்!

வாத்தியார் சட்டைப்பையில் என்ன இருக்கும்? பென்சிலும் ரப்பரும். அந்த ரப்பரால் மெல்ல மெல்லத் தேய்த்தோம். காய்ந்த துணியால் துடைத்தோம். மறுபடி செருகினோம். சின்னதுரை கண்ணை மூடிக்கொண்டார். சிந்தாமணி அம்மா முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டார். திரை வெளிறியது, ஒரு கட்டம் தெரிந்தது...

வந்தது! பந்தக்கால் வந்தது! பெண்ணழைப்பு வந்தது! மாலை மாற்றியது வந்தது! தாலி கட்டியது வந்தது! கடைசியில், குடும்பமே கூடி நிற்க, நடுவே இடம் விட்ட அந்தப் படமும் வந்தது! “எம்மவன் எடம் அப்படியே இருக்குப்பா!” என்று அந்தத் தாய் கத்திய கத்தலில் பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“மொதல்ல இத வேற எங்கயாச்சும் ஏத்துங்க தம்பி. ஒட்டுறது அப்பறம்!” என்றார் அடுத்த மூச்சில். இரண்டு சிடியில் ஏற்றினார் தமிழழகன். ஒன்று கடையில் இருந்தது. இன்னொன்று அந்த அம்மாவின் புடவைப் பெட்டிக்குப் போயிற்று. பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயக்காரர்களே! விதை வெங்காயம் முழுவதையும் ஒரே சேமிப்புப் பட்டறையில் போட்டு வைப்பீர்களா? ஒன்று அழுகினால் இன்னொன்று காப்பாற்றும் என்று பிரித்து வைப்பவர்கள் அல்லவா நீங்கள்! வெங்காயத்துக்குத் தெரிந்த நியாயம் கல்யாணத்துக்கு வேண்டாமா?

பிறகு மகன் படத்தை ஒட்டிக் கொடுத்தார், சாயங்கால பஸ்ஸில் படம் போயிற்று. சில நாள் கழித்து எல்லையிலிருந்து போன் வந்ததாம். “அம்மா, தங்கச்சி கல்யாணத்துல நானும் நிக்கிறேம்மா! இங்க எல்லார்கிட்டயும் காட்டிட்டேன். ஆனா ஒண்ணு... எங்கழுத்துக்குக் கீழ ராசாங்கம் மாமாவோட தொப்பை எப்படிம்மா வந்துச்சி?”

கைதட்டுங்கள், தமிழழகனுக்கு நன்றாகத் தட்டுங்கள்! மகன் அனுப்பியது தலை மட்டும் தெரிகிற படம். உடம்புக்கு அவர் எங்கே போவார்? தாய்மாமன் தந்தார்! தொப்பையை அப்புறம் இளைக்க வைத்துக் கொடுத்துவிட்டார். அதற்கும் முதல் படம் பத்திரமாக இருந்தால்தானே முடியும்?

கலைஞர்களே! கண்ணில் கண்டதைக் கருவியில் பிடிக்கிறோம். கருவியில் பிடித்ததைக் காப்பாற்றுகிறோமா? நம் கையில் இருப்பது ஒரு தாய் தன் மகனுக்காகப் பிடித்து வைத்த இடம். அந்த இடத்தைத் தொலைக்க நமக்கு உரிமை உண்டா? இல்லை என்கிறீர்கள். இந்த முழக்கம் அரியலூர் வரை கேட்கட்டும்!

தலைவர் மூன்றாவது முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி, இடம் தந்த சங்கத்துக்கு நன்றி, கேள்வி கேட்ட சிந்தாமணி அம்மாவுக்குத் தலைவணங்கிய நன்றி. எல்லோருக்கும் மீண்டும் வணக்கம். வீட்டுக்குப் போனதும் உங்கள் கார்டில் இருப்பதை வேறோர் இடத்தில் ஏற்றுங்கள், ஏற்றியதில் ஒரு படத்தைத் திறந்து பாருங்கள்.