குருவி எந்தப் பக்கம்

அட, நெளியாதீங்க இசோபே சான். வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க, வெக்கம் எதுக்கு? தோளா இது? கல்லக் கட்டி வெச்ச மாதிரி இருக்கு. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னாடி குனிஞ்சு உக்காந்து சத்தத்த வெட்டி ஒட்டினா இப்படித்தான் ஆகும். குப்புறவே படுத்திருங்க. பதிலெல்லாம் வேணாம், ம்ம்னா போதும். குறட்டை விட்டாலும் கோவிச்சுக்க மாட்டேன்.

ஆமாமா, உங்க இசையக் கேட்டிருக்கேன். ரெண்டு ஸ்டேஷனுக்கும் நடுவுல போற சுரங்கப்பாதை, அதோட கூரையில ஸ்பீக்கர் மாட்டி இந்த மாசம் முழுக்க ஓடுதே, அதுதானே? மூணு தடவ போனேன். மொகஸ்துதி இல்லீங்க, மொத தடவ சுவரோரமா நின்னவன் வந்த வேலையையே மறந்துட்டேன். அந்தப் பாதையோட சத்தத்தையே எடுத்து, இழுத்து நீட்டி, திரும்ப அதுக்குள்ளயே விட்டிருக்கீங்க. காத்து மெஷினோட முனகல். எங்கியோ ஷட்டர் எறங்கறது. ஈரக் குடைய ஒதர்றது. அப்புறம் யாரோ நடந்து வர்றாங்க, வர்றாங்க, வந்துக்கிட்டே இருக்காங்க, வந்தே சேரல. நான் வேற வழி விட்டு ஒதுங்கி நின்னேன். பின்னாடி ரெண்டு பொண்ணுங்க சிரிக்குதுங்க, யாருமே வரலியே தாத்தான்னு. தாத்தாவாம்! எனக்கு இன்னும் அறுவது கூட ஆகல.

தொடக்க விழாவுக்கும் வந்திருந்தேன். மைக்குல பேசினீங்கல்ல, இங்கயும் சேராம அங்கயும் சேராம நடுவுல கெடக்கற எடங்கதான் என் இசைக்கு ஊத்துன்னு. ஹோட்டல் தாழ்வாரம், ஆளில்லாத மாடிப்படி, பூட்டிப்போட்ட கடைத்தெரு. அங்க நின்னா நாம யாருன்னே மறந்துபோற மாதிரி ஒரு பயம் வரும், அந்தப் பயத்தத்தான் சத்தமாக்கறேன்னு சொன்னீங்க. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இப்ப அத நெனச்சா உறுத்துது. என் சம்சாரம் மிசாவோ அந்தப் பாதையிலதான் கால் வெக்க மாட்டேங்கறா. உங்க இசை வந்ததுக்கு அப்புறந்தான் இப்படி.

இங்க அழுத்தறேன், மூச்ச விடுங்க. ம், இன்னும்.

மிசாவோவும் என்ன மாதிரிதான், பொறவியிலேயே பார்வை கெடையாது. இதே தொழில். என்ன விடக் கைராசிக்காரி, வர்றவங்களே மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவாங்க. பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் இருக்கு, தெனமும் போய்ப் பெரியவங்களுக்குக் கை கால் பிடிச்சு விட்டுட்டு வருவா. ஊடோன் நூடுல்ஸ் கடைக் குழம்பு வாசன அடிச்சா பாதி தூரம். அப்புறம் குருவி. படிக்கட்டு இருக்கற எடத்துல எங்களுக்காக ஸ்பீக்கர்ல குருவி கூவ விடுவாங்கல்ல, அதுதான். அந்தச் சத்தம் வலப்பக்கம் கேக்கும், அதப் பாத்துத் திரும்பினா படி, மேல ஏறினா ரோடு.

போன வாரம் பாதியிலேயே திரும்பி வந்துட்டா. குருவி எடம் மாறிடுச்சுங்கறா. எடப்பக்கம் கூவுதாம், படிக்கட்டே இல்லாத சுவர்லேருந்து. அத நம்பிப் போய் நெத்திய இடிச்சுக்கிட்டா. மறுநாளும் அதே கூத்து. அதோட சரி, வாசப்படி தாண்டல. இல்லத்துலேருந்து ஃபோன் வந்தா ஜுரம்னு சொல்லுன்னு எங்கிட்டத் தள்ளி விடறா. காதும் போச்சுன்னா எங்க மாதிரி ஆளுங்களுக்கு என்னங்க மிச்சம்? அவ வாய் விட்டுச் சொல்லல. அதான் கஷ்டமா இருக்கு.

நாந்தான் சொன்னேன், அடி பைத்தியம், யாரோ இசைக்காரர் அங்க இருக்கற சத்தத்தையெல்லாம் புடிச்சு ஓட விட்டிருக்காரு, அதுல குருவியும் இருக்கும், ஒன் காதுக்கு ஒண்ணுமில்லன்னு. அவ ஒரே கேள்விதான் கேட்டா. அந்தக் குருவிய நீ கேட்டியா?

அதுக்குத்தான் மூணு தடவ போய் நின்னது. எனக்கு அகப்படலீங்க. படிக்கட்டுக் குருவி மட்டும் வலப்பக்கம், எப்பவும் போல. உங்க இசை நீளமாச்சே, நான் போற நேரம் பாத்து அந்தக் கட்டம் வரலையாக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அவகிட்ட, கேட்டேன்டின்னுட்டேன். அவ என் மணிக்கட்டப் புடிச்சுப் பாத்தா. பொய்ய நாடி காட்டிக் குடுத்துடுச்சு.

இன்னொண்ணும் சொல்லிடறேன், மன்னிச்சுக்கங்க. உங்களுக்குக் கழுத்து வலின்னு அங்க ஸ்பீக்கர் பாத்துக்கற பொண்ணு பேச்சுவாக்குல சொல்லுச்சு. எங்கிட்ட அனுப்பி வையும்மான்னு நாந்தான் கெஞ்சினேன். புகார் குடுக்கறதுக்கில்ல. கழட்டச் சொல்லியும் கேக்கல, அது பாட்டுக்கு ஓடட்டும். அந்தக் குருவி என்னோடதுதான்னு அவகிட்ட ஒரு வார்த்த நீங்க சொன்னாப் போதும். நாளைக்கே தடியத் தூக்கிட்டுக் கெளம்பிடுவா.

என்ன? சரி, எந்திரிச்சே சொல்லுங்க. மெதுவா.

ஒரு குருவிச் சத்தம் கூடவா இல்ல?

ஓ. ஸ்டேஷன்காரங்க போட்ட நிபந்தனையா. எங்கள மாதிரி ஆளுங்க ஏமாந்துடக் கூடாதுன்னு. குருவி, மணி எதுவும் கலந்துடாம நீங்களே உக்காந்து ஒண்ணு விடாம வெட்டி எடுத்தீங்களா... நல்லது. அப்படித்தாங்க செய்யணும். நல்ல மனுஷன் நீங்க.

இல்ல இல்ல, கொரலத் தணிக்க வேணாம். அவ எங்கயும் போகல. இந்தக் காகிதக் கதவுக்கு அந்தப் பக்கம், அடுப்புகிட்டத்தான் உக்காந்திருக்கா. யாராச்சும் வந்து வாசல்ல ஷூவக் கழட்டற சத்தம் கேட்டாப் போதும், டீக்குக் கெட்டில அடுப்புல ஏத்திடுவா. இத்தன வருஷத்துல ஒரு நாள் கூட நான் சொல்லி வெச்சதில்ல.

நீங்க வந்து எவ்வளவு நேரமாச்சு. இன்னும் டீ வரல பாருங்க.