சைரா வராத நாள்

தொழிலாளர் அதிகாரி ஐயா, பசையிலும் தோலிலும் புழங்கும் கையில் ரேகை நிற்காது. எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனியின் வருகை இயந்திரம் பாதிப் பெண்களின் விரலை ஏற்பதில்லை. அவர்கள் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வருவார்கள். நான் பதிவேட்டில் எழுதிக்கொள்வேன். பதினெட்டு வருடமாக அதுதான் என் வேலை.

என் மனைவி இறந்தபின் நான் மனிதர்களோடு பேசியதெல்லாம் அந்த ஜன்னல் வழியாகத்தான். பிரஸ் மெஷினில் தோல் வெட்டும் சைரா மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகநேரம் நிற்பாள். "இன்னாண்ணா, இன்னிக்கும் ஓட்டல் சாப்பாடா?" என்பாள். நோன்பு மாதத்தில் கஞ்சி கொண்டுவந்து தருவாள்.

பிறகு சங்கம் வந்தது. தையல் பிரிவு பூர்ணிமா தலைவி. லீவு வேண்டுமென்றால்கூடப் பெண்கள் அவளிடம்தான் போனார்கள். மதியம் கேன்டீனில் ஒன்றாக உட்கார்ந்து பேசுவார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடும். என்னை நிர்வாகத்தின் ஆள் என்று நினைத்தார்கள். சைராவும் என்னை சார் என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

சங்கத்தை அங்கீகரிப்பதா என்று ரகசிய வாக்கெடுப்பு நடத்த உத்தரவிட்டீர்கள். முந்தைய வருடம் இருநூற்று நாற்பது நாள் வேலை செய்தவர்களுக்கே ஓட்டு. பட்டியல் தயாரித்தது நான். நிர்வாகம் சொல்லித்தான் செய்தேன் என்று நினைப்பீர்கள். அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சங்கம் தோற்றால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான். இருநூற்று நாற்பதை ஒட்டி இருந்த இருபத்துமூன்று சங்கப் பெண்களின் கணக்கில் ஓரிரு நாட்களைக் குறைத்துப் பக்கங்களைப் புதிதாக எழுதினேன். எல்லாம் என் கையெழுத்து என்பதால் வித்தியாசம் தெரியவில்லை.

சைராவுக்கு அழித்தது பிப்ரவரி பதினொன்று. அன்றுதான் பிரஸ்ஸில் அவளுடைய வலது கையின் இரண்டு விரல்கள் போயின. துணியைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றியதே நான்தான். கம்பெனி விபத்து அறிக்கை எழுதவில்லை. அவள் அன்று வேலைக்கு வந்தாள் என்பதற்கு என் பதிவேடு மட்டுமே சான்று. வேலையில் பட்ட காயம் என்றால் சிகிச்சையில் இருந்த நாட்களும் கணக்கில் சேரும். அந்த ஒரு நாள் போனால் அத்தனையும் போய்விடும். எனக்கு அது வசதியாக இருந்தது.

பட்டியல் மீதான ஆட்சேபணை விசாரணையில் அவள் அந்தக் கையை உங்கள் மேஜைமேல் வைத்தாள். என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அன்னிக்கு நான் வர்லன்னா, இது எங்க போச்சு சார்?"

"பதிவேட்டுல ஆப்சென்ட்" என்று உங்களிடம் சொன்னேன்.

நேரில் பார்த்த பெண்கள் சாட்சி சொன்னார்கள். ஆனால் அவர்கள் சங்கத்துக்காரர்கள். என்னிடம் பதிவேடு இருந்தது. சங்கம் ஒன்பது ஓட்டில் தோற்றது. காயத்துக்கான உதவி கேட்டு சைரா எழுதியபோது, அன்று அவள் வேலைக்கே வரவில்லை என்று கம்பெனி அதே பக்கத்தைக் காட்டியது. இந்தக் கையோடு பிரஸ் ஓட்ட முடியாதென்று அவளை வேலையிலிருந்தும் நிறுத்திவிட்டார்கள்.

மற்ற பெண்கள் இப்போதும் ஜன்னலுக்கு வருகிறார்கள். பெயரையும் நம்பரையும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

போன மாதம் சைராவின் வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதி திறந்தாள். அழித்ததைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் சார். ஆட்டோல ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வந்தவரு நீங்க. மறந்துட்டீங்கன்னு நெனச்சிக்குவேனா?"

கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் புகார் கொடுப்பாள் என்று காத்திருந்தேன். கொடுக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். கிழித்தெடுத்த பழைய பக்கங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். தண்டனை பற்றி எனக்குக் கவலையில்லை. முழுக்க முழுக்க அவளுடைய நன்மைக்காகத்தான் இதைச் செய்கிறேன்.

விசாரணை என்றால் அவளையும் வரச்சொல்லியாக வேண்டும். நாளெல்லாம் ஒரே அறையில் உட்கார வேண்டியிருக்கும். திட்டுவதற்காகவாவது அவள் என்னிடம் பேசித்தான் ஆகவேண்டும். தேதியைக் கொஞ்சம் சீக்கிரம் போடுங்கள், ஐயா.